கழன்றுகொண்டே இருக்கும் போல்ட்டு
(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டப்புற அன்பர்களுக்கு ஆற்றிய உரை)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது; விரல் பருமனே உள்ள ஒரு போல்ட்டு. லோரி, வேன், ஜீப், டிராக்டரின் இழுவண்டி, நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய கார் ஆகிய எல்லாவற்றின் அடியிலும் அது இருக்கின்றது. சக்கரத்தைத் தாங்கும் கையையும் வில்பட்டையையும் சட்டத்தோடு பிணைத்து வைப்பது அதன் வேலை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அடியில் ‘கடக்’ என்றொரு ஓசை எழுகின்றது. ஓட்டுநர் குனிந்து பார்க்கின்றார், போல்ட்டு தளர்ந்திருக்கின்றது. ஸ்பானரைப் போட்டு இறுக்குகின்றார். ஓசை நின்றுவிடுகின்றது. பத்து நாள் சென்றதும் அதே இடத்தில் அதே ஓசை மீண்டும் எழுகின்றது. மறுபடியும் இறுக்குகின்றார். இப்படியே ஆண்டுக்கணக்கில் இறுக்கிக்கொண்டே காலம் கடத்தும் வண்டிகள் எத்தனையோ உள்ளன. ஒரு போல்ட்டு இருமுறை தளர்ந்ததென்றால் குறை போல்ட்டில் மட்டும் இல்லை என்பதே பொருள். அது ஏன் தளர்கின்றது என்பதைக் கண்டறியாமல் இறுக்குவது, கூரையில் ஓட்டை இருக்கத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

அந்தப் போல்ட்டு நேரடியாக இரும்பைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. அதைச் சுற்றி ஓர் இரும்புக் குழல், அக்குழலைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றி மற்றோர் இரும்புக் குழல் என மூன்றும் ஒன்றாக அமைந்த உருளையைத்தான் பட்டறையில் ‘புஷ்’ என்கின்றோம். பெரும்பாலான புஷ்களில் இருப்பது இயற்கை ரப்பர். விடியற்காலையில் நெற்றி விளக்கோடு நிரைக்குச் சென்று, பட்டை கீறி, கோப்பையில் வடித்து, வாளியில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்த அந்தப் பால்தான், பல கைகள் மாறி, கந்தகத்தோடு வெந்து, மீண்டும் உங்கள் காலடியிலேயே வந்து நிற்கின்றது. மீண்டும் மீண்டும் வளைந்தும் முறுகியும் வேலை செய்யவேண்டிய இடத்தில் இயற்கை ரப்பருக்கு இணையான செயற்கைப் பொருள் எளிதில் அகப்படுவதில்லை. சிறு வெடிப்பு விழுந்தாலும் அது பரவாமல் தடுத்து நிற்கும் தன்மை அதற்கு உண்டு.

இந்த ஆற்றலை நம்பிப் பாலங்களையே அதன்மேல் நிறுத்தியிருக்கின்றார்கள். இங்கிலாந்தில் லிங்கன் நகரத்துப் பெல்லம் பாலம் 1957ஆம் ஆண்டில் இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மீது எழுப்பப்பட்டது. நமது பினாங்கிலோ, 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் திறக்கப்பெற்ற இரண்டாவது பாலம், நில அதிர்ச்சியைத் தாங்கும்பொருட்டு, அதிர்வை அடக்கும் இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மீது நிற்கின்றது. பத்து மாவுங்கிலிருந்து பத்து காவான் நோக்கிக் கடலின்மேல் செல்லும்போது உங்கள் வண்டிக்கு அடியில் ரப்பர். அந்தப் பாலத்துக்கு அடியிலும் ரப்பர்.

புஷ்ஷில் ரப்பர் என்ன செய்கின்றது என்பதை இங்கே நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது வெளிக்குழல் கையோடு சேர்ந்து சற்றுத் திரும்பும். உட்குழலோ சட்டத்தில் உள்ள இரண்டு காதுகளுக்கு நடுவே போல்ட்டினால் நெருக்கப்பட்டு அசையாமல் நிற்கவேண்டும். இடையில் உள்ள ரப்பர் முறுகிக்கொடுத்து, பிறகு தன் நிலைக்குத் திரும்பும். அங்கே எந்தப் பாகமும் எதன்மேலும் தேய்ந்து சுழலக்கூடாது. கதவுக் கீல் சுழல்வதுபோலப் போல்ட்டைச் சுற்றிப் புஷ் சுழல்வதாகப் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அந்த எண்ணத்தால்தான் ‘சற்றே இளக்கமாக இருக்கட்டும், அப்போதுதான் ஆடும்’ என்று விட்டுவிடுகின்றார்கள். கிரீசும் பூசுகின்றார்கள். கனிம எண்ணெயும் டீசலும் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப் பதம் கெட்டுப் போகும் என்பதை ரப்பரோடு வாழும் உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. புஷ்ஷை உள்ளே செலுத்தச் சவர்க்கார நீரே போதும்.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. தைப்பூசத்தன்று ஜார்ஜ்டவுன் வீதிகளில் வரும் வெள்ளி இரதத்தைப் பார்த்திருப்பீர்கள். நகரத்தார் பெருமக்கள் 1894ஆம் ஆண்டில் தருவித்த தேர் அது. மாடுகள் நடக்கும் வேகத்தில் நகரும் தேருக்குக் கடையாணி ஒன்று நிலையாக இருந்தால் போதும். மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியிலோ ஒரே நிமிடத்தில் நூற்றுக்கணக்கான உதறல்கள் ஒரு போல்ட்டின்மேல் விழுகின்றன.

சரி, போல்ட்டு ஏன் கழல்கின்றது? விறகுக் கட்டை நினைத்துப் பாருங்கள். கயிற்றை நன்றாக இழுத்து முடிந்தால், கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, தலையில் தூக்கி எத்தனை தூரம் நடந்தாலும் அசைவதில்லை. கயிறு சற்றே தளர்ந்திருந்தால் கட்டைகள் முன்னும் பின்னுமாக நழுவத் தொடங்கும். அந்த நழுவலே முடிச்சை மேலும் தளர்த்தும். போல்ட்டும் அத்தகைய ஒரு கயிறுதான். நட்டை முறுக்கும்போது போல்ட்டு இம்மியளவு நீள்கின்றது. நீண்டது பழைய அளவுக்குச் சுருங்க முயலும் அந்த இழுப்புத்தான் இரண்டு காதுகளையும் உட்குழலையும் நெருக்கிப் பிடிக்கின்றது. பிடித்து நிறுத்துவது இந்த நெருக்கமே. மரையைத் துணைக் காரணம் என்றே சொல்லலாம்.

ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் என்பவர் 1969ஆம் ஆண்டில் இதனைச் சோதனை மூலம் விளக்கினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் வரும் அசைவே நட்டை விரைவாகக் கழற்றுகின்றது என்பது அவர் கண்டது. நெருக்கிப் பிடித்த இரு பரப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியதும், மரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் உராய்வு தன் பிடியை இழந்துவிடுகின்றது. அதன்பின் நட்டு யாரும் தொடாமலே தானாகத் திரும்பிக்கொள்கின்றது. வில் வாஷர் என்று நாம் போடும் பிளந்த வாஷர் இதற்கு எதிராக அநேகமாக ஒன்றும் செய்வதில்லை என்பதும் அச்சோதனை முறையில் தெளிவாயிற்று. கடைகளில் அது இன்றும் விலைபோகின்றது. பழக்கம் எளிதில் விட்டுப் போவதில்லை.

இனி அளவைக் கவனிப்போம். 12 மில்லிமீட்டர் பருமனுள்ள 8.8 தரப் போல்ட்டை 80 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், அது ஏறத்தாழ மூன்று டன் எடைக்குச் சமமான விசையோடு நெருக்கிப் பிடிக்கும். அதற்காக அது நீளுவதோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு தாளின் பருமன். இந்தக் கணக்கைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். காதுகளின் உட்புறத்தில் பெயிண்டு பூசியிருந்தால், அல்லது செம்மண்ணும் துருவும் ஒட்டியிருந்தால், வண்டி ஓட ஓட அந்தப் படலம் நசுங்கிப் பொடியாகி வெளியேறும். அந்தப் படலத்தின் பருமனும் ஒரு தாளின் அளவுதான். அது போனால் போல்ட்டு நீண்டிருந்த நீளம் முழுவதும் போயிற்று. நட்டு ஒரு சுற்றுக்கூடத் திரும்பாமலே நெருக்கம் அழிந்துவிடுகின்றது. ஆகவே கம்பித் தூரிகையால் காதுகளின் உட்புறத்தையும் வாஷர் உட்காரும் இடத்தையும் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்க்காமல் எந்தப் போல்ட்டையும் இறுக்க வேண்டாம். பெயிண்டு அடிப்பதானால் இறுக்கி முடித்தபின் வெளிப்புறத்தில் அடிக்கலாம்.

80 நியூட்டன் மீட்டர் என்பது அரை மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் 16 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். கால் மீட்டர் நீளமுள்ள சாதாரண ஸ்பானராக இருந்தால் 32 கிலோ வேண்டும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, முகத்தில் மண் விழ, ஒரு கையால் இழுக்கின்ற மனிதர் அந்த விசையைக் கொடுத்திருப்பார் என்று நம்புவதற்கில்லை. கொடுத்ததாக அவர் மனமார நம்புவார். மேலும், நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகின்றது. மற்றவை மரையின் உராய்விலும் நட்டின் அடிப்பரப்பின் உராய்விலும் கழிந்துவிடுகின்றன. துருப்பிடித்த மரையில் கை வலிக்க இறுக்கினாலும் நெருக்கம் பாதிகூட வராது. முறுக்கு அளக்கும் ஸ்பானர் ஒன்று தோட்டப் பட்டறையில் இருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அளவு அதன் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். நாம் மேலே சொன்ன எண் ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே.

தளர்ச்சிக்கு மற்றொரு காரணம் ஜாக்கி. நல்ல பட்டறைக்காரர்களும் இதில் தவறுவதைக் காண்கின்றோம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய புஷ்ஷைப் போட்டுப் போல்ட்டை முழுவதுமாக இறுக்கிவிடுகின்றார்கள். உட்குழல் அந்தத் தொங்கும் நிலையிலேயே பூட்டப்பட்டுவிடுகின்றது. வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர், ஒரு பள்ளத்தைக்கூடக் காணுமுன்பே, முறுகிப் போய்விடுகின்றது. அதன்மேல் ஆளும் சுமையும் ஏற, மேட்டிலும் பள்ளத்திலும் இன்னும் முறுக, ஒன்று ரப்பர் கிழிகின்றது. அல்லது ரப்பரின் எதிர்ப்பு நெருக்கத்தை வென்று உட்குழல் வழுக்குகின்றது. வழுக்கத் தொடங்கிவிட்டால் யுங்கர் சொன்ன கதைதான். எனவே போல்ட்டைக் கையால் மட்டும் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரங்களின்மேல் அதன் எடை முழுவதும் அமர்ந்தபின், முன்னும் பின்னுமாக ஓரிரு முறை தள்ளிவிட்டு, அதன்பிறகே இறுதியாக இறுக்கவேண்டும். அடியில் இடம் போதாவிட்டால் நான்கு சக்கரங்களையும் உறுதியான மரப் பலகைகளின்மேல் ஏற்றி நிறுத்தலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருவரும் படுக்கலாகாது.

பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகளில் இதைத் தெளிவாகக் காணலாம். தாவரப் பூங்காவின் பக்கத்திலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் செங்குத்துப் பாதையையே ‘ஜீப் பாதை’ என்றுதான் மக்கள் அழைக்கின்றார்கள். கேமரன் மலையிலும் காய்கறி ஏற்றிப் பழைய லேண்ட் ரோவர்கள் நெடுங்காலமாக உழைத்து வருகின்றன. வில்பட்டை பூட்டிய பழைய வகையில் பட்டையின் இரு முனைகளிலும் இத்தகைய ரப்பர் புஷ்களே உள்ளன. சுருள்வில் பூட்டிய பிந்திய வகையில், முன் அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டு ஒன்று உண்டு. அதன் போல்ட்டு இம்மியளவு தளர்ந்தாலும், ஒரு குழியில் சக்கரம் விழுந்ததும் ஸ்டீயரிங் சக்கரம் ஓட்டுநரின் கைகளில் கடுமையாக உதறும். டயரைச் சமன்செய்யவேண்டும் என்று எண்ணிக் காசைச் செலவழித்துவிட்டு, உதறல் தீராமல் திகைப்பவர்கள் பலர். முதலில் அந்தப் போல்ட்டைப் பார்ப்பது மேல்.

நெடுநாள் தளர்ந்தே ஓடிய வண்டியில் காதின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். போல்ட்டின் உடலிலும் ஓர் இடுப்பு விழுந்திருக்கும். இந்நிலையில் புதிய நட்டு, புதிய வாஷர் எதுவும் பயன் தராது. தேய்ந்த போல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே பருமனும், அதே நீளமும், மரையில்லாத உடல் அதே அளவும் உள்ள போல்ட்டை வாங்கவேண்டும். மரை காதின் துளைக்குள் அமரும்படி நீளம் பொருந்தாத போல்ட்டைப் போட்டால், மரை அரம்போலத் துளையை அராவும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுப்பில் அது அறும் என்பது கிடைக்கும்; இரண்டாவது எண், அதில் பத்தில் எத்தனை பங்கு விசையில் அது மீளாமல் நீண்டுபோகும் என்பதைக் காட்டும். எண்ணே இல்லாத, வேலிக்கும் கதவுக்கும் போடுகின்ற போல்ட்டைச் சக்கரத்துக்குப் போடுவதை எவ்வகையிலும் ஒப்புக்கொள்ள இயலாது. நீண்டுபோன துளையை, கெட்டியான வாஷரைச் சரியான மையத்தில் வைத்துப் பற்றவைத்துச் சரிசெய்வதுண்டு. அது தேர்ந்த பற்றவைப்பாளர் செய்யவேண்டிய வேலை. அதற்கு முன் ரப்பரைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் வெப்பத்தில் அது கருகிவிடும்.

பூட்டும் வழிகளைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு நல்லது. ஆனால் ஒருமுறை கழற்றினால் புதியது போடுவதே முறை. மரையில் ஊற்றும் பசை 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெர்னன் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் கண்டது. காற்றுப் புகாத இடத்தில் உலோகத்தோடு சேர்ந்து அது இறுகுகின்றது. எண்ணெயும் அழுக்கும் உள்ள மரையில் ஊற்றினால் வீண். ஆப்புபோன்ற பற்கள் உள்ள இரட்டை வாஷர்கள் விலை கூடுதலாயினும் உதறல் மிகுந்த இடத்தில் உழைக்கின்றன. கோட்டைபோல் வெட்டிய நட்டில் கோட்டர் பின் செருகுவது, நட்டு முழுவதும் கழன்று வழியில் விழாமல் காக்கும். நெருக்கத்தை அது காக்காது. உயிரைக் காப்பாற்றும், புஷ்ஷைக் காப்பாற்றாது என்று சொல்லலாம். இவற்றுள் எதுவும் சரியான இறுக்கத்துக்கு மாற்றாக நிற்காது. செங்குத்தாகப் பூட்டும் போல்ட்டுகளில் தலை மேலே இருக்கட்டும். நட்டு விழுந்தாலும் போல்ட்டு துளையிலேயே தங்கும்.

லோரியிலும் இழுவண்டியிலும் இதனினும் கொடியது யூ போல்ட்டு. வில்பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டுவது அதுதான். புதிய பட்டை பூட்டியபின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து யூ போல்ட்டு தளர்வது இயல்பு. அப்போது மீண்டும் இறுக்காவிட்டால், பட்டைகளை ஊடுருவிச் செல்லும் நடுப்போல்ட்டின்மேல் பாரம் முழுவதும் விழுந்து அது அறும். அறுந்ததும் அச்சு தன் இடத்திலிருந்து பின்னோக்கி நகரும். வண்டி நேராகச் செல்லாமல் நண்டுபோலச் சாய்ந்து ஓடும். தடையை அழுத்தும்போது ஒரு பக்கமாக இழுத்துச் சாலையை விட்டே இறங்கும். அந்த லோரியின்மேல் ஒட்டுப்பால் மூட்டைகள் இருந்தால் பொருள் நட்டம். ஆட்கள் இருந்தால் அதை என்னவென்று சொல்வது? வெட்டுக்குச் செல்லும் தாய்மார்களையும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும் வண்டி எந்த நிலையில் இருக்கின்றது என்று கேட்பது ஏறுகின்றவர்களின் உரிமை.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வேலையிடத்தில் உடனடியான ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளியார் அதனை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த ஆபத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவருக்குத் தகாத பின்விளைவு நேராதவாறு சட்டம் பாதுகாக்கின்றது. முதலில் மண்டோரிடமோ கிராணியிடமோ குறையைச் சொல்லுங்கள். எந்த வண்டி, எந்தச் சக்கரம், என்ன ஓசை, எந்த நாள் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஓட்டுநரை மட்டும் கடிந்துகொள்வதில் பயனில்லை. பெரும்பாலும் அவர்தான் பலமுறை சொல்லிவிட்டுச் சலித்திருப்பவர். வணிக வாகனங்கள் குறித்த காலத்தில் ஆய்வுக்குச் செல்கின்றன என்பது மெய்யே. ஆனால் ஓர் ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் இடையில் போல்ட்டு காத்துக்கொண்டிராது.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். பின் சக்கரத்தைத் தாங்கும் கவையின் போல்ட்டிலும், அப்சார்பரின் மேல், கீழ் முனைகளிலும் இதே ரப்பர் புஷ் உண்டு. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ‘டக் டக்’ என்று கவை ஆடினால் அன்றே கவனியுங்கள். எரிவாயுக் கலனைப் பின்னால் கட்டிக்கொண்டு, மனைவியையும் குழந்தையையும் ஏற்றிச் செல்லும்போது அந்த ஆட்டம் வளைவில் வண்டியைச் சாய்த்துவிடும்.

இவ்வளவும் செய்து முடித்தபின், ஒரு சிறு தூரிகையால் நட்டின்மேலும் அதை ஒட்டிய இரும்பின்மேலும் சேர்த்து நேராக ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை ஸ்பானர் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை வண்டியைக் கழுவும்போது குனிந்து பார்த்தால் போதும். கோடு நேராக இருந்தால் நட்டு நின்ற இடத்தில் நிற்கின்றது. உடைந்து இரண்டாக விலகியிருந்தால் திரும்பியிருக்கின்றது. கோடு நேராகவே இருந்தும், உட்குழலின் ஓரத்தில் செந்நிறத் தூள் கசிந்திருந்தால், நட்டு திரும்பாமலே நெருக்கம் போய் உள்ளே இரும்பு அராவிக்கொண்டிருக்கின்றது என்று அறிக. அன்றைக்கே கழற்றிப் பார்க்கவேண்டும். வெள்ளைப் பெயிண்டு இல்லாவிட்டால், நிரைகளுக்கு எண் போடும் பெயிண்டு தோட்டத்து ஸ்டோரில் எப்படியும் இருக்கும்.